ராஜமன்னார் ஸந்நிதித் தெலுங்கும் ஸரஸ்வதி மஹாலும்

முத்துப்பேட்டைக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள மன்னார்குடியில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீராஜகோபாலனுக்கு ஆட்பட்டவர், தஞ்சை நாயக்க மன்னர் விஜயராகவர் (1634–1673). அவர் அரசவையில் விளங்கிய ரங்காஜம்மா என்னும் விதுஷி, அவரையே நாயகராக வைத்து இயற்றிய தெலுங்கு நூலுக்கு ‘மன்னாருதாஸ விலாஸமு’ என்று பெயர். அரசர் என்பதினும் மன்னாரின் அடியவர் என்பதே அவருக்குப் பெருமையாயிற்று என்பதற்கு இப்பெயரே சான்று.

விஜயராகவர் தாமும் தெலுங்கில் யக்ஷகானங்கள் செய்தார். அவற்றுள் ஒன்று ‘விப்ரநாராயண சரித்ரமு’. காவிரிக் கரைத் திருமண்டங்குடியில் அவதரித்த தொண்டரடிப்பொடியாழ்வாரின் சரிதமே அதன் பொருள். குருபரம்பரை நூல்கள் உரைத்த ஆழ்வார் வைபவம், அரண்மனை அரங்கில் தெலுங்கு நாடகமாக எவ்வுருவம் பெற்றது என்பதை அறிய இந்நூல் இன்றியமையாதது.

1673-இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படையோடு பொருது விஜயராகவர் மாண்டார். சில ஆண்டுகளில் தஞ்சை மராட்டியர் வசமாயிற்று. குலம் மாறினும் தெலுங்கு அகலவில்லை. மராட்டிய மன்னர் சாஹஜியும் (1684–1712) திருவாரூர்த் தியாகேசர்மீது தெலுங்கில் ‘பல்லகி ஸேவா ப்ரபந்தமு’ பாடினார். இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனைச் சுவடி நிலையத்தைப் பெரிதும் வளர்த்தார். 1918-இல் அது பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பின்னர் ஸரஸ்வதி மஹால் நூல்நிலையம் தெலுங்கு ஓலைகளை ஆராய்ந்து அச்சேற்றியமையால், நாயக்கர் காலத்து நாடகங்கள் ஆந்திர தேசத்து அறிஞர்க்கும் கிட்டின. தமிழ்நாட்டுக் கல்விநிலையம் ஒன்று தெலுங்குக்குச் செய்த பேருபகாரம் இது.

ஆயினும், தெலுங்கு லிபியில் அச்சான நூல், அந்த லிபி அறியாத டெல்டாவாசிக்குப் பேழையிலிட்ட பொருளே. இவ்விடத்தில் நம் முன்னோர் காட்டிய வழி ஒன்றுண்டு. 19-ஆம் நூற்றாண்டில் திவ்யப்ரபந்தமும் மணிப்ரவாள வ்யாக்யானங்களும் சென்னையில் தெலுங்கு லிபியிலும் அச்சிடப்பட்டன. தமிழெழுத்து அறியாத தெலுங்கு நாட்டு வைஷ்ணவர்கள் அந்த ஸ்ரீகோசங்களைக் கொண்டே அருளிச்செயலை ஸேவித்தார்கள். லிபி மாறியதே ஒழிய, ஆழ்வாரின் தமிழ் மாறவில்லை.

அதே உபகாரத்தை இப்போது திருப்பிச் செய்யவேண்டும். ‘விப்ரநாராயண சரித்ரமு’ முதலியவை மூலத்தைத் தமிழெழுத்திலும், பொருளைத் தமிழிலும் கொண்டு வெளிவருதல் தகும். கூடவே, தெலுங்கு லிபி பயிற்றும் சிறு வகுப்புகளும் தஞ்சையில் நிலைபெறவேண்டும். ஓலையைக் காப்பது பாதி கைங்கர்யம்; அதைப் படிப்பாரை உண்டாக்குவது மற்றப் பாதி. மன்னாருக்கு அடிமைப்பட்டவர் எழுதியதை மன்னாரின் ஊரார் வாசிக்கும்போதே அந்தக் கைங்கர்யம் நிறைவுறும்.