காயில் முனையில் ஈயம் பிடித்த கதை

ஓசூரில் ரிலே கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், மெஷின் காயில் முனையில் ஈயம் வைக்குது. கம்பியை யாரும் சுரண்டறதே இல்லையே, எப்படி?" பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

காயிலில் கம்பிகள் ஒட்டி ஒட்டிக் கிடக்கும். சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவாமலிருக்க மேலே பூச்சு வேண்டும். அதே பூச்சு முனையிலும் இருந்தால் ஈயம் பிடிக்காது. சங்கடம் இதுதான்.

1825-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் முதல் மின்காந்தம் செய்தபோது, இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறும் செம்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினார். அமெரிக்காவில் ஆல்பனி பள்ளியில் பாடம் நடத்திய ஜோசப் ஹென்றி (வாத்தியார்தான்!) கம்பிக்கே பட்டு சுற்றினார். நெருக்கமாக அடுக்கடுக்காகச் சுற்ற முடிந்தது. 1831-ல் யேல் கல்லூரிக்கு அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. பிறகு பட்டு போய் எனாமல் வந்தது. நம்ம ஊர் ரீவைண்டிங் கடையில் பிளேடும் உப்புத்தாளும் கிடப்பது அந்த எனாமலைச் சுரண்டத்தான்.

1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பாலியூரித்தேன் பின்னாளில் கம்பிப் பூச்சாகவும் ஆனது. 380 டிகிரி வாக்கில் உருகிய ஈயத்தில் முனையை முக்கினால் பூச்சு தானே கருகி விலகும். கையோடு ஈயமும் பிடித்துக்கொள்ளும். சுரண்டும் வேலை போனது. மெஷின் உள்ளே வந்தது.

1980-களில் டைட்டன் கடிகார ஆலை ஓசூருக்கு வந்தபோது ஓசூர் நம் தர்மபுரி மாவட்டம்தான். 2004-ல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போனது. சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். குவார்ட்ஸ் கடிகாரத்தில் முள்ளை நகர்த்துவதும் ஒரு காயில்தான். அதன் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, ஆயிரக்கணக்கான சுற்று. அதில் பிளேடு வைத்தால் அறுந்துவிடும். இன்னொன்று, சூடான ஈயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். கூடுதலாக ஒரு நொடி வைத்தாலே மெல்லிய கம்பி தேய்ந்துவிடும். மனிதக் கை எண்ணி வைக்கிற நேரமல்ல அது, மெஷின் வைக்கும். வேலை குறைகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு, ஆனால் இந்த இடத்தில் மெஷின் பக்கம்தான் நான் நிற்பேன்.

காரணம் புகை. பாலியூரித்தேன் கருகும்போது ஐசோசயனேட் வரும், ஆஸ்துமாவைக் கிளப்பும். கையால் வைத்தால் அது மூக்குக்கு நேரே ஏறும். தம்பி, உங்கள் மெஷின் மேல் இருக்கும் உறிஞ்சுகுழாய் நிஜமாகவே இழுக்கிறதா? நாளைக்கு ஷிப்டில் ஒரு துண்டுக் காகிதத்தை வாயருகே பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.