சைதாப்பேட்டையில் தொடங்கிய படிப்பு

எங்கள் வியாசர்பாடி தெருவில் ஒரு பெண்ணுக்குக் கோவையில் பி.எஸ்சி. விவசாயம் கிடைத்திருக்கிறது. "ஹாஸ்டல் செலவ நெனச்சாதான் சார் பயமா இருக்கு" என்றார் அவள் அப்பா.

அந்தப் படிப்பின் வேர் நம் சென்னையில்தான். 1868இல் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்குப் போனது. 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். படிப்பது கோவையில், பட்டம் சென்னையுடையது! தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1971இல்தான்.

அதற்குச் சில வருஷம் முன்பு எனக்கும் அந்த ஆசை இருந்தது. அப்பா ஹாஸ்டல் செலவைக் கணக்குப் போட்டார். நான் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். கல்லூரி சைதாப்பேட்டையிலேயே இருந்திருந்தால் பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறி, தினம் போய் வந்திருப்பேன்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "அனுப்புங்க" என்றேன்.