ஆக்ஸ்ஃபோர்டு வேந்தரின் புரவலர் அவை

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெருங்கொடை அளித்தோரைச் சிறப்பிக்க, ராய் ஜென்கின்ஸ் வேந்தராக இருந்த 1990ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு. 1988இல் தொடங்கிய நிதி திரட்டும் இயக்கத்தை ஒட்டி வந்ததால் இதை அமெரிக்க வழக்கத்தின் நகல் என்று கருதுவோர் உண்டு. அது பாதி உண்மையே. கொடையாளரின் பெயரை நாலு பேர் கண்ணில் படவைத்து அடுத்த கொடையை வரவழைக்கும் உத்தி ஆக்ஸ்ஃபோர்டில் நானூறு ஆண்டுப் பழசு. ஹம்ஃப்ரி கோமகன் வழங்கிய 280க்கும் மேற்பட்ட கையெழுத்து நூல்களுக்காக 1488இல் திறக்கப்பட்ட நூலகம், 1550களில் நூல்கள் அகற்றப்பட்டு வெறும் கூடமாயிற்று. அதை மீட்க 1598இல் முன்வந்தவர் தாமஸ் பாட்லி. ஓய்வுபெற்ற தூதர், மத்தி மீன் வணிகத்தில் பொருளீட்டியவரின் கைம்பெண்ணை மணந்ததால் கையில் பணமும் இருந்தது. ஆயினும் தன் பணம் மட்டும் போதாது என்று கண்டு, கன்றுத்தோல் தாள்களில் கனத்ததொரு கொடைப் பதிவேட்டைச் செய்வித்தார். யார் என்ன கொடுத்தார் என்பதைத் தாங்கிய அந்தப் பதிவேடு, பெட்டிக்குள் பூட்டப்படாமல் நூலகத்துக்கு வருவோர் பார்க்கும்படி வைக்கப்பட்டது. கொடையாளரைப் போற்றும் வழக்கம் பின்னரும் தொடர்ந்தது: 1721இல் மறைந்த டர்ஹம் ஆயர் க்ரூ பிரபு விட்டுச்சென்ற கொடையால், பட்டமளிப்பு விழா நாளில் புரவலர்களுக்கு நன்றி கூறும் உரையும், விருந்தினருக்கு ஸ்ட்ராபெரியும் ஷாம்பெயினும் வழக்கமாயின.

பதிவேடு வெறும் ஆவணம், அவையோ உயிரோடிருப்பவருக்கு அளிக்கும் மரியாதை, இரண்டும் வேறு என்று மறுப்புரைக்கலாம். பல்கலைக்கழகமே 2023இல் இந்த வேறுபாட்டைக் கையாண்டது. ஓபியாய்டு மருந்து விவகாரத்தையடுத்து, அதில் தொடர்புடைய கொடையாளரான சாக்லர் குடும்பத்தின் பெயரை நூலகம், காட்சிக்கூடங்கள், பதவிகள் ஆகியவற்றிலிருந்து நீக்கியது. புரவலர் பெயர்கள் செதுக்கப்பட்ட கிளாரண்டன் வளைவிலோ வரலாற்றுப் பதிவு என்று சொல்லி விட்டுவைத்தது. ஆனால் பதிவு மட்டுமே நோக்கமென்றால் கணக்குப் புத்தகம் போதும். கல்லில் வெட்டி, வழிநடையில் வைக்கத் தேவையில்லை. பாட்லி தம் பதிவேட்டைத் திறந்து வைத்ததும் அடுத்த கொடையை வரவழைக்கத்தான். ஆகவே அவையைப் பழைய பதிவேட்டின் தொடர்ச்சியாகக் கொள்வதே பொருந்தும். அவை இன்றும் கூடுகிறது. புதிய உறுப்பினர்களை வேந்தர் சேர்த்துக்கொள்கிறார்.