ஈயும் அதன் பெயரும்

ஈ என்பது தமிழில் ஓரெழுத்தொருமொழி. பெயராய் நின்று பூச்சியையும் வினையாய் நின்று கொடுத்தலையும் அது உணர்த்தும் என்பது இலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்ததே. அறிந்த அளவில் அதனை விட்டுவிடுதலும் நம்மிடை வழக்கமாயிற்று. தமிழகத்து ஈயினங்களைக் கண்டு, இன்ன ஊரில் இன்ன நாளில் இன்னதைக் கண்டேன் என எழுதிவைத்தோர் யாவர், அவர்தம் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் இடம்பெறாமற்போனது எவ்வாறு என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியை இவ்வாய்வின் தொடக்கமாகவும் முடிவாகவும் கொண்டதன் காரணம் போகப்போக விளங்கும்.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். பூச்சிநூலார் ஈ எனக் கொள்வது இரண்டே சிறகுடைய பூச்சிகளை. அவற்றின் பின்சிறகுகள் தேய்ந்து, நுனி பருத்த சிறு தண்டுகளாகிப் பறக்குங்கால் உடலை நிலைப்படுத்த உதவுகின்றன. இவ்விலக்கணப்படி கொசுவும் ஈயே. தேனீ ஈயன்று, அதற்குச் சிறகு நான்கு. ஆங்கிலர் தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் ஈயென்னும் சொல்லைச் சேர்த்தே வழங்குவர். நமக்கு அவ்விடர் இல்லை. தேனீயிடத்து மட்டும் உண்டு. அது வியப்பன்று. மலர்களில் மொய்க்கும் ஈக்களுள் சில நிறத்தாலும் பறக்கும் ஒலியாலும் தேனீயை அப்படியே ஒத்திருக்கும். வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்பவற்றை ஒருபொருட் கிளவிகளாகத் தொகுப்பது நிகண்டு மரபு. உரைகாரரோ, வண்டும் சுரும்பும் நாடிச்செல்லும் மணத்தால் வேறுபடும் என்பர். வேறுபாடு கண்டே முன்னோர் பெயரிட்டனர் என்பது இதனாற் பெறப்படும். அப்பெயர்களுள் ஒன்றேனும் இருசிறகியைக் குறித்திருத்தல் கூடும்; ஆயின் சான்றின்றி அதனைத் துணிதல் ஆகாது.

இனி, பதிவின் வரலாற்றுக்கு வருவாம். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரௌன் என்பார் 1696ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் 20 வரை, கோட்டையிலிருந்து திருப்பதி செல்லும் வழியிற் செடிகளைத் திரட்டினார். ஊத்துக்கோட்டை வழியே சென்றாரோ திருத்தணி வழியே சென்றாரோ, எவ்வழியாயினும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் ஊடாகவே சென்றிருத்தல் வேண்டும். அவர் அனுப்பிய தொகுதிகளை இலண்டனில் மருந்து வணிகராயிருந்த ஜேம்ஸ் பெட்டிவர் அரச கழகத்தின் இதழில் வெளியிட்டார். செடிகளின் பயன்களோடு அவற்றின் 'மலபார்'ப் பெயர்களும் அப்பட்டியல்களில் உள்ளன. அக்காலத்து ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்றனர். எனவே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நிலத்துச் செடிகள் ஊர், நாள், தமிழ்ப் பெயர் என்னும் மூன்றோடும் பதிவாகிவிட்டன. பிரௌன் 1698இல் இறந்தார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த எட்வர்டு பல்க்லி என்னும் மருத்துவர் செடிகளேயன்றிச் சிப்பிகளையும் பூச்சிகளையும் பெட்டிவருக்கு அனுப்பினார்.

இவ்விருவரும் மருத்துவர், அவர்க்கு மூலிகை வேண்டியிருந்தது. மூலிகையைக் கேட்டறிய வேண்டின் அதன் பெயரை ஊராரிடம் கேட்டே தீர வேண்டும். ஈயால் எவர்க்கு என்ன பயன்? அதன் பெயரைக் கேட்பாரில்லை. பிற்காலப் பதிவுகளில் ஈக்களுக்குத் தமிழ்ப் பெயர் இல்லாமற்போனதன் வேர் இங்கேயே உள்ளது என்பது எம் கருத்து. அறியாமையன்று, தேவையின்மையே காரணம்.

அடுத்த நூற்றாண்டில் இப்பணி தரங்கம்பாடிக்கு மாறிற்று. இலின்னேயசின் மாணாக்கராகிய கோனிக் 1768இல் அங்கு வந்தார். அவர் தஞ்சைப் பக்கத்துக் கறையான்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1779இல் வெளியாயிற்று. டேனியப் படைத்தலைவர் டால்டோர்ஃப் தம் ஓய்வுப் பொழுதிற் பூச்சிகளைத் திரட்டிக் கோபன்கேகனுக்கு அனுப்பினார். பனைமரத்து வெடிப்பில் ஏறிய மீனொன்றை 1791இற் பிடித்ததாக இவர் எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் அச்சாகி ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்திற்று. அம்மீனைத் தமிழர் பனையேறிக் கெண்டை என்றே வழங்குவர். பெயரே ஒரு பதிவு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கோபன்கேகன் சென்ற பூச்சிகளை ஆராய்ந்து பெயரிட்டவர் ஃபெப்ரீசியசு. சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1779இல் தமிழகராதி வெளியிட்ட யோவான் பிலிப்பு ஃபெப்ரீசியசு வேறு. இவர் கீல் நகரத்துப் பேராசிரியராகிய யோகான் கிறித்தியன் ஃபெப்ரீசியசு. மாணாக்கர் இருவரையும் ஒருவராக மயங்குதல் கூடும் என்பதால் இதனைக் கூறினாம். பூச்சிநூல் ஃபெப்ரீசியசு இருசிறகிகளுக்கெனத் தனிநூலொன்றை 1805இல் வெளியிட்டார். அவர்க்குப்பின் வீடெமான் 1828இலும் 1830இலும் ஐரோப்பாவுக்குப் புறத்தேயுள்ள இருசிறகிகளைப் பற்றி இரு தொகுதிகள் எழுதினார். இந்நூல்களில் இந்நாட்டு ஈக்கள் பலவற்றிற்கு வாழிடமாகத் 'தரங்கம்பாடி' என்றோ 'கீழை இந்தியா' என்றோ ஒரு சொல்லே காணப்படும். வயலா, ஏரிக்கரையா, கடற்கரையா, மாதம் யாது என்பன இல்லை. தமிழ்ப் பெயரோ கேட்கவே வேண்டா.

ஈண்டு இராட்லரை நினையாமல் மேற்செல்லுதல் இயலாது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த இச்சமயத் தொண்டர் செடியாராய்ச்சியில் தோய்ந்தவர். தரங்கம்பாடியினின்று சென்னை வரை சென்று மீண்ட பயணத்தில் அவர் எழுதிய செடிக்குறிப்புகள் 1803இல் பெர்லினில் வெளியாயின. அவரே பின்னர் வேப்பேரியில் வாழ்ந்து தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1834இல் அது அச்சேறத் தொடங்கிற்று, 1836இல் அவர் மறைந்தார், 1841இல் நூல் நிறைவுற்றது. ஒரு கையில் செடியும் மறு கையில் சொல்லும் கொண்டிருந்தவர் இவர். செடியளவில் இரண்டும் இணைந்தன. பூச்சியளவில், அகராதி ஒரு புறமும் அருங்காட்சியகச் சீட்டு மறுபுறமுமாகப் பிரிந்தே நின்றன. அப்பிரிவு இன்றும் தீர்ந்திலது.

இருபதாம் நூற்றாண்டில் இந்திய ஈக்களைப் பெருநூலாக வகுத்தவர் என்ரிகோ புரூனெட்டி. தொழிலால் அவர் இசைவாணர். ஈயாராய்ச்சி அவர்க்கு விருப்பப்பணி. கல்கத்தாவில் தங்கி, இந்திய விலங்குத் தொகை வரிசையில் 1912, 1920, 1923ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். கருவியிசை கொண்டு வாழ்ந்த ஒருவர், கற்றறிந்த துறையினர் தொடத் தயங்கிய பூச்சியினத்தை எடுத்துக்கொண்டது எம்மை என்றும் ஈர்ப்பதாகும்.

பெயர் தெரியாதவன் பதிவு செய்யலாகாதோ என வினவுவார்க்கு ரொனால்டு ராசே விடை. 1897ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள், செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது அக்கொசுவின் நூற்பெயரை அவர் அறியார். சாம்பல் நிறத்தது, வரியுடையது, புள்ளிச் சிறகினது என்று தாமே பார்த்த அடையாளத்தாற் பெயரிட்டு எழுதினார். நாளும் இடமும் அடையாளமும் செவ்வனே இருந்தமையால், நூற்பெயரைப் பின்னர் வந்தோர் பொருத்திக்கொண்டனர். எளிய மக்கள் பெயர் வைப்பதும் இம்முறையிலேதான்.

இதனை மற்றொரு சிற்றீயும் காட்டும். கண்ணை மொய்த்துக் கண்நோயைப் பரப்பும் இவ்வீயை நம் சிற்றூர்களில் அறியாதாரில்லை. இரவில் கூரையினின்று தொங்கும் கயிற்றிலும் ஒட்டடையிலும் கருமணி கோத்தாற்போல் இது திரண்டிருக்கும். சாவகத்தினின்று கிடைத்த இதற்கு 1905இல் டி மெய்ஜெரே என்பார் 'ஃபியூனிக்கோலா' எனப் பெயரிட்டார். கயிற்றில் வாழ்வது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். நம் வீட்டுப் பெண்டிர் நாள்தோறும் காண்பதையே அப்பெயர் கூறுகின்றது. நுளம்பு என்னும் சொல்லுக்கு அகராதிகள் சிற்றீ எனவும் கொசு எனவும் இருபொருள் தரும். ஈழத்தில் அது கொசுவையே குறிக்கும். கண்ணை மொய்ப்பதற்கு எவ்வூரில் எச்சொல் என்பதை அகராதியைப் புரட்டி அறிய இயலாது. அவ்வூர்த் திண்ணையில் அமர்ந்து கேட்டே அறிதல் வேண்டும்.

இனித் திருவள்ளூர்ப் பகுதி. ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியிலும் கொசத்தலையாறு எண்ணூர்க் கழியிலும் சென்று சேரும் இந்நிலம் ஏரிகளால் ஆனது. 1997இல் தனி மாவட்டமாயிற்று. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை பரந்துள்ளது. வயலும் ஏரிப்புறமும் ஆலைகட்கு இடமாகி வருகின்றன. பழவேற்காட்டுக்குப் பூநாரை காணச் செல்வோர் பலர். 1978இல் தோன்றிய சென்னை இயற்கையாளர் சங்கம் போன்றவை பறவைகளைப் பல்லாண்டுகளாகக் குறித்து வருகின்றன. ஈயைக் குறிப்பார் மிகச் சிலரே.

ஆயினும் நீரின் வரலாற்றைப் பறவையினும் ஈ நெருங்கிக் காட்டும். பெரும்பாலான ஈக்களின் இளம்பருவம் நீரிலோ சேற்றிலோ அழுகலிலோ கழியும். அவ்விடம் விட்டு அது பறந்துபோதல் இயலாது. தேனீயை ஒத்த மலரீக்களுள் சிலவற்றின் புழு, வால்போல் நீண்ட மூச்சுக்குழலை மேலே நீட்டிக்கொண்டு சாக்கடையிலும் வாழும். கொசுவை ஒத்த கடியாச் சிற்றீக்களுள் சிலவற்றின் செந்நிறப் புழுக்கள், குருதிச் செம்பொருள் உடைமையால், உயிர்வளி குன்றிய நீரிலும் தாங்கி நிற்கும். மற்றவை அழிந்து இவை மட்டும் மிகுமாயின் அந்நீரின் நிலை தெளிவு. ஆனால் முன்பு என்ன இருந்தது என்பது எழுதப்பட்டிருந்தாலன்றோ இன்று ஒப்புநோக்க முடியும்? சீட்டில் 'சென்னை' என்ற ஒரு சொல் மட்டும் இருப்பின், அது எழும்பூரா பொன்னேரியா என்று எவ்வாறு அறிவது?

ஆதலின் இப்பகுதியிற் சொல் திரட்டச் செல்லும் முதுகலை மாணாக்கர், உழவுச் சொல்லும் மீன்பிடிச் சொல்லும் எழுதிக்கொள்ளும் அதே ஏட்டில் ஈயின் பெயரையும் எழுதலாம். மாட்டை மொய்க்கும் ஈ பல வகை. மாடு மேய்ப்பார் அவற்றை வேறுபடுத்தி அழைக்கின்றனரா என்பதே முதல் வினா. காய்ந்த குச்சியில் அமர்ந்து பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் ஈக்குப் பெயருண்டா? கழிக்கரைச் சேற்றில் மொய்ப்பதை மீனவர் யாதென்பர்? சொன்னவர் சொல்லைச் சொன்னவாறே எழுதி, ஊரும் ஏரியின் பெயரும் நாளும் சேர்த்து, இயலுமாயின் ஒரு நிழற்படமும் எடுத்துவைத்தல் போதும். நூற்பெயரை விலங்கியல் துறையார் பின்னர்ச் சேர்த்துக்கொள்வர். இதில் மாணாக்கர் தவறக்கூடிய இடம் ஒன்றுண்டு: ஊரார் 'ஈ' என்று மட்டும் சொல்லி நிறுத்துவர், வினவியவரும் அதனோடு எழுந்துவிடுவர். எந்த ஈ என்று மீண்டும் கேட்டல் வேண்டும்.