'உல்லன்' என்று வாங்கும் நூலில் ஆடு இருக்கிறதா? விலங்கு கலக்காத நூல், மறுசுழற்சி நூல்: எதை நம்பிப் பின்னலாம்?

ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் "ஒரு உருண்டை உல்லன் நூல் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் கம்பளியே கிடையாது. அது அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து தயாராகும் செயற்கை இழை. பள்ளிக்கூடக் கைவேலை வகுப்பில் நீங்கள் பொம்மை செய்ததும், வீட்டு வாசலுக்குத் தோரணம் கட்டியதும் அநேகமாக இதில்தான்.

'கேஷ்மிலான்' என்ற பெயரும் அப்படித்தான். காஷ்மீர் ஆட்டு ரோமம் போலக் காதில் விழும். உண்மையில் அது ஒரு ஜப்பானிய நிறுவனம் அக்ரிலிக்குக்கு வைத்த வணிகப் பெயர். வட இந்தியாவில் அது பொதுப் பெயராகவே ஆகிவிட்டது.

அப்போ, விலங்கு கலக்காத நூலில்தான் பின்னுவேன் என்று இன்று முடிவெடுக்கும் ஒருவர், தெரியாமலே ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கலாம். பிரச்னை அதோடு முடிவதில்லை. இந்த இழை எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. இது புதிதா, ஏற்கெனவே ஒரு முறை பயன்பட்டதா என்பது வேறு கேள்வி. 'ஈகோ', 'கான்ஷியஸ்' என்று ஒட்டி விற்கும் நூல்கள் பலவும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

கம்பளியில் என்ன சிக்கல்?

ஆட்டைக் கொல்லாமல்தானே முடி வெட்டுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விவாதம் முக்கியமாக மெரினோ ஆடுகளைச் சுற்றித்தான் நடக்கிறது. அதிக ரோமம் வேண்டும் என்று தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும்படி வளர்க்கப்பட்ட இனம் அது. அந்த மடிப்புகளில் ஈரமும் அழுக்கும் சேர, ஈக்கள் முட்டையிட்டு, புழுக்கள் ஆட்டை உயிரோடு அரிக்கும். அதைத் தடுக்க, குட்டியாக இருக்கும்போதே வால் பகுதியைச் சுற்றியுள்ள தோலை வெட்டி எடுக்கிறார்கள். இதற்குப் பெயர் மியூல்சிங். நியூசிலாந்து 2018-ல் இதைத் தடை செய்தது. மெரினோ கம்பளி ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கும் ஆஸ்திரேலியாவில் நாடு தழுவிய தடை இல்லை.

இந்தியாவுக்கு இதில் என்ன சம்பந்தம்? நம் ஆடுகளின் ரோமம் பெரும்பாலும் முரடானது. கம்பளம் நெய்யப் போகும். ஸ்வெட்டருக்கான மெல்லிய கம்பளிக்கு இறக்குமதியை, குறிப்பாக ஆஸ்திரேலியாவை நம்பியிருக்கிறோம். அதற்காக எல்லாக் கம்பளியும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. கர்நாடகத்தின் குருபர்கள் தக்காணத்து ஆட்டு ரோமத்தில் நெய்யும் கறுப்புக் கம்பளிக்கும் மெரினோ பண்ணைக்கும் நிறைய தூரம்.

பட்டிலும் இதே கேள்வி உண்டு. வழக்கமான முறையில், நீளமான இழை அறுபடாமல் கிடைக்க, கூட்டுப்புழு உள்ளே இருக்கும்போதே கூட்டைச் சூடாக்கிவிடுவார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த கைத்தறித் துறை அதிகாரி குசுமா ராஜையா, அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு கூட்டை எடுத்து நூற்கும் 'அகிம்சைப் பட்டு' முறையை உருவாக்கினார். புழுவைக் கொல்லாத பட்டுப் புடவை கிடைக்குமா என்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் மனைவி ஜானகி கேட்டதுதான் இதற்குத் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால், பறக்கவே முடியாதபடி மனிதர் வளர்த்தெடுத்த பூச்சி அது என்பதால், வீகன் கொள்கையில் உறுதியாக இருப்பவர்கள் இதையும் ஏற்பதில்லை.

அக்ரிலிக் இருக்கே, அது போதாதா?

விலை குறைவு, நிறம் அதிகம், மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. புதிதாகப் பின்னக் கற்பவருக்கு இதைவிட வசதியான நூல் இல்லை. ஆனால் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகள் தண்ணீரில் போகின்றன. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான துணுக்குகள் வெளியேறலாம் என்று கணக்கிட்டார்கள். பாலியஸ்டருக்குச் சுமார் 5 லட்சம். பாலியஸ்டர், பருத்தி கலந்த துணிக்கு 1.4 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆட்டைக் காப்பாற்றிவிட்டு மீனுக்கு பிளாஸ்டிக் ஊட்டுகிறோமா என்று கேட்டால், கிண்டல் மாதிரி இருந்தாலும் கேள்வியில் உண்மை இருக்கிறது.

செடியிலிருந்து என்னென்ன கிடைக்கும்?

முதலில் பருத்தி. நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. சணல், லினன், ஹெம்ப் எல்லாம் உறுதியானவை, ஆனால் விரலுக்குக் கொஞ்சம் முரடு. துவைக்கத் துவைக்க மிருதுவாகும்.

'பேம்பூ யார்ன்' என்று விற்பதைக் கவனமாகப் பாருங்கள். மூங்கிலை நேராக நூற்பதில்லை. மரக்கூழ் போலக் கரைத்து, வேதிப்பொருள்கள் வழியாக இழையாக இழுக்கிறார்கள். அதாவது விஸ்கோஸ். விலங்கு இல்லை என்பது சரி. 'இயற்கை' என்பது பாதிதான் உண்மை. 'மில்க் காட்டன்' இன்னொரு பொறி. பால் புரதமான கேசீனிலிருந்து இழை செய்வது நிஜமாகவே உண்டு, அது வீகன் அல்ல. ஆனால் இந்தப் பெயரில் கடையில் கிடைக்கும் பல நூல்கள் வெறும் பருத்தி, அக்ரிலிக் கலவைதான். பெயரை விட்டுவிட்டு உள்ளடக்க விகிதத்தைப் படியுங்கள்.

நமக்கு மிகப் பக்கத்தில் ஒரு சுவாரசியமான முயற்சி நடக்கிறது. ஆரோவில் பகுதியில் இயங்கும் ஃபேபோர்க் என்ற நிறுவனம் 'வீகனூல்' என்ற இழையைத் தயாரிக்கிறது. மூலப்பொருள்? ரோட்டோரம் தானாக முளைக்கும் எருக்கு. பிள்ளையாருக்கு மாலை கட்டுவோமே, அதே செடி. எருக்கின் இழை உள்ளே குழலாக, காற்றைப் பிடித்து வைக்கும். கம்பளி கதகதப்பாக இருப்பதற்கும் காரணம் அதில் சிக்கும் காற்றுதான். தனியாக நூற்க எருக்கு இழை வழுக்கும் என்பதால் ஆர்கானிக் பருத்தியோடு கலக்கிறார்கள்.

மறுசுழற்சி நூல் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் இதற்கு இரண்டு தலைநகரங்கள். ஒன்று ஹரியாணாவின் பானிபட். மேற்கு நாடுகளில் தூக்கிப்போடும் ஸ்வெட்டரும் கோட்டும் கப்பல் கப்பலாக குஜராத்தின் காண்ட்லாவுக்கு வந்து, பிரிக்கப்பட்டு, பானிபட் போய்ச் சேர்கின்றன. அங்கே பெண்கள் பட்டன், ஜிப்பை வெட்டி எடுத்து, நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பிறகு இயந்திரம் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்கும். நிறம் பார்த்துப் பிரிப்பதால் புதிதாகச் சாயம் போடத் தேவையில்லை. இந்த நூலுக்கு 'ஷாடி' என்று பெயர். 1813-ல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா தொடங்கிவைத்த முறை இது. பேரிடர் நிவாரண முகாம்களில் கொடுக்கும் சாம்பல் நிறப் போர்வை நினைவிருக்கிறதா? அதில் பெரும்பகுதி ஷாடிதான்.

மேக்னா குப்தா இயக்கிய 'அன்ராவல்' (2012) என்ற குறும் ஆவணப்படம் இந்தப் பெண்களைப் பற்றியது. இவ்வளவு நல்ல துணியை ஏன் எறிகிறார்கள் என்று அவர்கள் யோசிக்கிறார்கள். அங்கே தண்ணீர் விலை அதிகமாக இருக்கும், துவைப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவோ என்னவோ என்று ஒரு ஊகம் வருகிறது. சிரித்துவிட்டு நகர முடியாத ஊகம். துணியைக் கிழிக்கும்போது பறக்கும் தூசியைச் சுவாசிப்பதும் அதே தொழிலாளர்கள்தான். 'மறுசுழற்சி' என்ற லேபிளில் அது எழுதியிருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: பானிபட் நூல் மறுசுழற்சி நூல், ஆனால் அதில் ஆட்டு ரோமம் இருக்கும். வெளிநாட்டுப் பின்னல் கடைகளில் விற்கும் 'ரீசைக்கிள்டு சாரி சில்க்' நூலும் அப்படியே. பழைய பட்டுதான், ஆனால் பட்டு.

இன்னொரு தலைநகரம் நம் கொங்கு மண்டலம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட், சுற்றியுள்ள ஓபன் எண்ட் மில்களுக்குப் போய் மறுபடி நூலாகிறது. இங்கேயும் நிறவாரியாகப் பிரித்தால் சாயப்பட்டறை வேலை மிச்சம். நொய்யல் ஆற்று மாசுக்காகத் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைத்தால், இது சின்ன மிச்சம் இல்லை என்று புரியும். ஒரு குறை உண்டு. கிழித்த பருத்தியின் இழை நீளம் குறைந்துவிடும். உறுதிக்காகப் புதுப் பருத்தியோ பாலியஸ்டரோ கலப்பார்கள்.

பிறகு பாட்டில். பெட் பாட்டிலை நறுக்கி, உருக்கி, பாலியஸ்டர் இழையாக்குகிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் மோதி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல ஜாக்கெட் இப்படிச் செய்ததுதான். துணி கரூரிலிருந்து போனது. குப்பை குறைகிறது என்பது உண்மை. ஆனால் பாட்டில் மறுபடி மறுபடி பாட்டிலாக முடியும். துணியானபின் திரும்பி வருவது கஷ்டம். துணுக்கு உதிர்வதும் நிற்காது.

லேபிள் இல்லாத நூலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை, தீ தானாக அடங்கினால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர். கலவை நூலில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

ஜிஆர்எஸ் முத்திரை இருந்தால், அந்தப் பொருளில் குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சி இழை இருக்க வேண்டும். மீதி என்ன, விலங்கா இல்லையா என்பதை அந்த முத்திரை சொல்லாது.

பின்னும்போது என்ன மாறும்?

கம்பளி இழையில் சுருள் இருப்பதால் இழுத்தால் நீண்டு திரும்பும். பருத்தி திரும்பாது. கம்பளிக்கு எழுதிய ஸ்வெட்டர் டிசைனை அப்படியே பருத்தியில் பின்னினால் மணிக்கட்டுப் பட்டி தொளதொளத்து, தன் எடையிலேயே தொங்கும். ஒரு அளவு சின்ன ஊசி எடுங்கள். மாதிரிச் சதுரம் ஒன்றைப் பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு கண்ணிகளை எண்ணுங்கள். ஸ்டோல், குழந்தைத் தொப்பி, பை போன்றவற்றில் பருத்திக்குக் குறையே தெரியாது. டெல்லிக்கோ சண்டிகருக்கோ மாற்றலாகிப் போகிறீர்கள், ஜனவரிக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்றால் பருத்தி, அக்ரிலிக் கலவை நடைமுறைக்கு ஒத்துவரும்.

எங்கள் கணிப்பில், இருப்பதிலேயே நல்ல மறுசுழற்சி நூல் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. பழைய பனியன் டீ-ஷர்ட்டை அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி, உடல் பகுதியை இரண்டு விரல் அகலத்தில் சுருள் சுருளாக ஒரே நாடாவாக வெட்டிக்கொண்டே போங்கள். நாடாவை இழுத்தால் ஓரம் உள்ளே சுருண்டு தடித்த நூலாகிவிடும். கூடை, மிதியடி பின்ன அது போதும்.

பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பதானால் முதலில் உள்பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் அடித்து ஓரம் வெட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வரிசைக்கு வரிசை நூல் அறுந்து துண்டு துண்டாகத்தான் வரும். சங்கிலி மாதிரி கோத்துத் தைத்திருந்தால், தையலை அவிழ்த்துவிட்டு மேலிருந்து உருவலாம். நூடுல்ஸ் மாதிரி நெளிந்து வரும் நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்து, அடியில் ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டுக் காயப்போட்டால் நெளிவு போய்விடும். அது கம்பளியாக இருந்தால் தொடலாமா என்பதில் வீகன்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருப்பதற்காகப் புதிதாக எந்த ஆடும் வளர்க்கப்படப்போவதில்லை என்பது ஒரு தரப்பு. அணிவதே தப்பு என்பது இன்னொரு தரப்பு.

அக்ரிலிக்கோ பாட்டில் நூலோ ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அடிக்கடி துவைக்கத் தேவைப்படாத பொருளாகப் பின்னுங்கள். துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், குறைந்த நேரம், மெஷின் நிறையத் துணி: இந்த மூன்றும் துணுக்கு உதிர்வதைக் குறைக்கும். இஸ்திரி மட்டும் போடாதீர்கள். சூடு பட்டால் அக்ரிலிக் தளர்ந்துபோய், பழைய வடிவத்துக்குத் திரும்பாது.