பொதுநம்பிக்கையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள்

பொதுநம்பிக்கையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் என்பவை, ஒரு கருத்தைப் பலரும் ஏற்றுக்கொண்டுள்ளனர் என்பதை முறைசார் ஆங்கில எழுத்தில் தெரிவிக்கப் பயன்படும் சொற்றொடர்கள் ஆகும். கட்டுரை, ஆய்வேடு, ஆசிரியத் தலையங்கம் ஆகியவற்றில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று ஈடானவை போலத் தோன்றினாலும், அக்கருத்தின் உண்மைக்கு எழுதுபவர் எந்த அளவு பொறுப்பேற்கிறார் என்பதில் வேறுபடுகின்றன.

வகைகள்

இட் இஸ் வெல் நோன் தட் - கருத்து உண்மை என்பதை எழுதுபவரும் ஒப்புக்கொள்கிறார்.
இட் இஸ் ஜெனரலி அக்செப்டட் தட் - பெரும்பாலும் துறையறிந்தோரின் உடன்பாட்டைக் குறிக்கும்.
இட் இஸ் வைட்லி பிலீவ்ட் தட் - நம்பிக்கை பரவியுள்ளது என்று மட்டும் கூறும். அது உண்மையா என்பதைக் கூறாது.
கான்ட்ரரி டு பாப்புலர் பிலீஃப் - மக்களின் நம்பிக்கை தவறு எனக் கூறித் தொடங்கும்.
கன்வென்ஷனல் விஸ்டம், ரிசீவ்ட் விஸ்டம் - வழிவழியாகவோ பழக்கத்தாலோ ஏற்கப்பட்ட கருத்து. 'விஸ்டம்' என்பது அறிவைக் குறித்தாலும் இவை பாராட்டுத் தொடர்கள் அல்ல. அடுத்து ஒரு மறுப்பு வரும் என்பதையே பெரும்பாலும் உணர்த்துகின்றன. எனவே இவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பொருள் மாறிவிடும்.

கன்வென்ஷனல் விஸ்டம்

இத்தொடர் 19 ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. பொருளியலாளர் ஜான் கென்னத் கால்பிரெய்த், 1958 இல் வெளிவந்த 'தி அஃப்ளுவென்ட் சொசைட்டி' என்ற நூலில் இதற்குத் தனி இயல் ஒதுக்கிப் பரவலாக்கினார். ஒரு கருத்து உண்மையாக இருப்பதால் மட்டுமன்றி, பழகியதாகவும் வசதியானதாகவும் இருப்பதாலும் ஏற்கப்படுகிறது என்பது அவர் வாதம். அத்தகைய கருத்தை வீழ்த்துவது புதிய வாதங்களைவிட மாறிவரும் நிகழ்வுகளே என்றும் அவர் கருதினார்.

எடுத்துக்காட்டு

இரைப்பைப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமிகையுமே காரணம் என்பது நெடுங்காலம் மருத்துவர்களிடையே நிலவிய கருத்து. 1982 இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் நோயாளிகளின் இரைப்பையிலிருந்து பெற்ற ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். இது பின்னர் ஹெலிக்கோபாக்டர் பைலோரி எனப் பெயர் பெற்றது. 1984 இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். முன்பு துறையறிந்தோரின் உடன்பாடாக எழுதப்பட்ட கருத்து, இன்று பழைய நம்பிக்கையாகவே எழுதப்படுகிறது.

தவறான பயன்பாடு

'பலரும் நம்பினர்' என்பதும் சான்று தேவைப்படும் ஒரு கூற்றே. கொலம்பஸ் காலத்து ஐரோப்பியர் உலகம் தட்டையானது என நம்பினர் எனப் பல பாடநூல்கள் எழுதின. உண்மையில் கற்றோர் உலகம் உருண்டை என அறிந்திருந்தனர். கொலம்பஸுடன் அவர்கள் மாறுபட்டது ஆசியாவுக்கான கடல் தொலைவு பற்றியே. வாஷிங்டன் இர்விங் 1828 இல் எழுதிய கொலம்பஸ் வரலாறு இத்தவறு பரவ உதவியது.

யார் நம்புகின்றனர் என்று கூறாத தொடர்களை ஆங்கிலத்தில் 'வீசல் வேர்ட்ஸ்' என்பர். வீசல் என்னும் சிறு விலங்கு முட்டையின் ஓட்டை விட்டுவிட்டு உள்ளீட்டை உறிஞ்சிவிடும் என்ற கருத்திலிருந்து இப்பெயர் வந்தது. நம்புவோர் யார், எக்காலத்தவர், அதற்குச் சான்று யாது என்பவற்றைச் சேர்த்து எழுதினால் இக்குறை நீங்கும்.