இரட்டைத் துவக்கக் கணினியில் எழுத்துருப் பகிர்வு

ஒரே கணினியில் விண்டோசு, லினக்சு ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்வது இரட்டைத் துவக்கம் எனப்படும். ஒன்றிலுள்ள எழுத்துருக்களை மற்றொன்றிலும் பயன்படுத்துவதே எழுத்துருப் பகிர்வு. இன்று இது வசதிக்காகச் செய்யப்படுகிறது. ஆனால் பழைய தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை, எழுத்துரு இல்லையேல் படிக்கவே இயலாது.

பொது வடிவம்

ஆப்பிள் நிறுவனம் உருவாக்கிய ட்ரூடைப் எழுத்துரு வடிவம் 1991இல் வெளிவந்தது. 1992இல் விண்டோசு 3.1 அதை ஏற்றது. 1996இல் மைக்ரோசாப்டும் அடோபியும் ஓப்பன்டைப் வடிவத்தை அறிவித்தன. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ஃப்ரீடைப் என்னும் கட்டற்ற நிரலகத்தின் வழியாக லினக்சிலும் இவ்வகை எழுத்துருக்கள் பயன்பாட்டுக்கு வந்தன. இதனால் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றாமலே பகிர முடிந்தது. விண்டோசின் எழுத்துருக் கோப்புறையைச் சுட்டும் இணைப்பை லினக்சில் உருவாக்கலாம். அல்லது கோப்புகளைப் படியெடுத்து வைக்கலாம்.

தமிழுக்கு இருந்த தேவை

ஒருங்குறி பரவுவதற்கு முன், எழுத்துரு உருவாக்கியோர் தத்தம் விருப்பப்படி தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கினர். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் மற்றொருவர் வேறு எழுத்தை வைத்திருப்பார். ஆகவே உரிய எழுத்துரு இல்லாத இயங்குதளத்தில் ஆவணத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. இணையத்தில் திஸ்கி என்னும் குறியாக்கமும் வழங்கியது.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. எனினும், விண்டோசு 2000 லதா எழுத்துருவுடன் வந்த பின்னரே அதன் பயன்பாடு வளரத் தொடங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி உரையைப் படிக்கக் குறிப்பிட்ட ஓர் எழுத்துருவே வேண்டும் என்பதில்லை. தமிழ் ஒருங்குறி எழுத்துரு எதுவும் போதும்.

உரிமம்

பகிர முடிவதனாலேயே பகிரும் உரிமை வந்துவிடாது. விண்டோசுடன் வரும் எழுத்துருக்கள் அதன் உரிமத்துக்கு உட்பட்டவை. இரு இயங்குதளங்களிலும் லோகித் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவை நிறுவுவதே சிக்கலற்ற வழி.

பழைய குறியாக்கத்தில் ஆவணம் வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மாற்றி, எழுத்துப் பிழை பார்த்து முடிக்கும்வரை மூல எழுத்துருவை அழித்துவிடக் கூடாது. அதை இழந்தால், மாற்றிய உரை சரியா என ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடினமாகிவிடும்.